புதுப்பிப்பு: தண்டையார்பேட்டை மாண்டிசோரி பள்ளியில் ஒரு காலை

எங்கள் தெருவில், குழந்தைகள் தாங்களே கையால் செய்து கற்கும் சிறிய மாண்டிசோரி பள்ளியின் வாராந்திரக் கடிதத்தைப் படித்துவிட்டு, நான்கு வயது மகள் மூன்று வாரங்களாகத் தண்ணீர் ஊற்றுவதையே செய்கிறாளே, எழுத்து எப்போது கற்பாள் என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். நேரில் சென்று பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். அனுமதி பெற்று ஒரு காலை முழுவதும் வகுப்பின் மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

மணி எதுவும் அடிக்காத அந்த மூன்று மணி நேரத்தில், மகள் சிறு குவளையை மூன்று விரல்களால் பிடித்து இடமிருந்து வலமாக ஊற்றினாள். சிந்திய துளிகளை யாரும் சொல்லாமலே பஞ்சால் ஒற்றியெடுத்து, தட்டை அலமாரியில் அதே இடத்தில் வைத்தாள். பென்சில் பிடிக்கும் விரல்களும் எழுத்து நகரும் திசையும் இதிலேயே பழகுகின்றன என்று ஆசிரியை விளக்கினார். மூன்று முதல் ஆறு வயதினர் ஒரே அறையில் இருப்பதால், பிறகு ஐந்து வயதுப் பையன் ஒருவன் உப்புத்தாளில் வெட்டிய ‘ப’ எழுத்தை அவளுக்குத் தடவிக் காட்டினான். அதைப் பார்த்தபோது என் கண்கள் கலங்கின.

ஒரு குறை இருந்தது: கடிதம் ஆங்கிலத்தில் மட்டுமே வந்தது. 1939இல் இம்முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையாரே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த இந்நகரில், அவருடைய முறையைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைக்க வேண்டும் என்று கேட்டேன். இந்த வெள்ளிக்கிழமைக் கடிதம் தமிழிலும் வந்தது. காசிமேட்டில் மீன் விற்கும் தாத்தா ஒருவர் அடுத்த வாரம் சிப்பிகளுடன் வருகிறார் என்ற செய்தியை என் மாமியார் உரக்கப் படித்தார்.