ஃபெயில்ஓவருக்குப் பிறகும் பூல் பழைய சர்வரையே பிடித்துக்கொள்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். கிளவுடில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருக்கிறோம்: எழுதுவதை ஏற்கும் ஒரு பிரைமரி, அதன் நகலாக, படிக்க மட்டும் விடும் ஒரு ஸ்டாண்ட்பை. ஜாவா அப்ளிகேஷன் ஹிகாரிசிபி (திறந்த இணைப்புகளை ஒரு பூலில் வைத்து மறுபடி பயன்படுத்தும் லைப்ரரி) வழியாக இணைகிறது.

ஃபெயில்ஓவர் (ஸ்டாண்ட்பை பிரைமரியின் இடத்துக்கு வருவது) என்னவோ சட்டென்று முடிந்துவிடுகிறது. தொல்லை அதற்கப்புறம்தான். பூலில் சில இணைப்புகள் பழைய ஐபிக்கே திரும்பப் போய் ஒட்டிக்கொள்கின்றன. அந்த சர்வர் இப்போது ஸ்டாண்ட்பை. அதனால் செலெக்ட் ஓடுகிறது, இன்சர்ட் மட்டும் 'ரீட் ஒன்லி டிரான்சாக்ஷன்' என்று எரர் தருகிறது. இணைப்பு உயிரோடு இருப்பதால் ஹிகாரியின் சோதனையிலும் அது பாஸாகிவிடுகிறது! மேக்ஸ்லைஃப்டைம் (ஒரு இணைப்பு பூலில் இருக்கக்கூடிய அதிகபட்ச நேரம்) இயல்பாகவே 30 நிமிடம். அதுவரை காத்திருக்க முடியாது.

யோசித்து வைத்திருப்பது: ஜேவிஎம்மின் (ஜாவா ஓடும் சூழல்) டிஎன்எஸ் கேஷ் நேரத்தை, அதாவது ஹோஸ்ட் பெயருக்கான ஐபியை அது நினைவில் வைத்திருக்கும் நேரத்தைக் குறைப்பது, இணைப்பு முகவரியில் இரண்டு ஹோஸ்டையும் கொடுத்து எந்த வகை சர்வரோடு இணைவது என்று சொல்லும் டார்கெட்சர்வர்டைப்பை பிரைமரி என்று வைப்பது. ஆனால் இது புது இணைப்பு திறக்கும்போது மட்டும்தானே பார்க்கும்? ஏற்கெனவே திறந்திருப்பதை எப்படி வெளியேற்றுவது?

நடுவில் பிஜிபவுன்சர் (அப்ளிகேஷனுக்கும் டேட்டாபேஸுக்கும் இடையே நின்று இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பூலர்) போடச் சொல்கிறார்கள். சரி, ஆனால் டிரான்சாக்ஷன் மோடில் (ஒவ்வொரு டிரான்சாக்ஷன் முடிந்ததும் சர்வர் இணைப்பு கைமாறும்) செஷன் அளவிலான அட்வைசரி லாக் (அப்ளிகேஷனே கேட்டு வாங்கி, இணைப்பு உள்ளவரை பிடித்து வைக்கும் பூட்டு) சரிவராது, எங்கள் கோடில் அது நிறைய இடத்தில் இருக்கிறது. செஷன் மோடில் (கிளையன்ட் துண்டிக்கும் வரை ஒரே சர்வர் இணைப்பு) வைத்தால் பலன் உண்டா?

புரொடக்ஷனில் இதைச் சமாளித்தவர்கள் செட்டிங்கோடு சொன்னால் பெரிய உதவி.