பாலைவன ஆட்டத்தில் நீங்கள் கொடுத்த விசித்திரப் புதையல் எது? என்ன நடந்தது?

சத்துவாச்சாரியிலிருந்து

ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஐந்து பேர் கூடி டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் ஆட்டம் அது. கதை நடத்துவது நான். போன கத்திரி வெயிலில் பாலைவனக் கதையை ஆரம்பித்தேன். வேலூர்க்காரனுக்கு அதற்கென்று தனிக் கற்பனை தேவையில்லை. மாலை ஆறு மணிக்கும் தரையில் வெறுங்கால் வைக்க முடியவில்லை.

முதல் புதையலிலேயே சறுக்கினேன். விதிநூலில் இருக்கும் வற்றாத குடுவையை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டேன். மந்திரச் சொல்லைச் சொன்னால் மூன்று அளவுகளில் தண்ணீர் வரும். பெரிய அளவைக் கேட்டால் ஒரு சுற்றுக்கு 30 கேலன். ஒரு சுற்று என்பது 6 நொடி. எங்கள் குழுவில் ஒருவர் கணக்காளர். வாயிலேயே கணக்குப் போட்டுவிட்டார்: நிமிடத்துக்கு 1,100 லிட்டருக்கு மேல், பத்து நிமிடம் விட்டால் ஒரு தண்ணீர் லாரி நிறையும். பாலைவனம் அங்கேயே முடிந்தது. வெயிலில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2 கேலன் வேண்டும் என்று விதிப்படி நான் எழுதி வைத்திருந்த தாகக் கணக்கெல்லாம் வீண். அடுத்த வாரம் அரக்கனை யாரும் தேடவில்லை; சந்தையில் ஒரு குடம் என்ன விலைக்குப் போகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஒரு திருடனை அனுப்பிக் குடுவையைக் களவாட வைத்தேன். ஏன் அனுப்பினேன் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிராயச்சித்தமாக நானே ஒன்றைச் செய்தேன். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள். (2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடியபோது அந்தக் கேலிக்கு நாங்கள் கொஞ்சம் பதில் சொல்லிக்கொண்டோம்.) ஆனால் நீரில்லா ஆற்றின் மணலைத் தோண்டினால் ஊறும். ஊற்றுக்கால் வெட்டி அதை வயலுக்குக் கொண்டுபோனவர்கள் இந்தப் பக்கத்து ஆட்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ஊற்றுக்கோல்: முழ நீளத்தில் ஒரு கருங்காலிக் கோல். மணலில் குத்தினால் முழங்கால் ஆழத்தில் தண்ணீர் ஊறும். பக்கத்தில் எந்தக் கிணறு இருக்கிறதோ, அதிலிருந்துதான் அது வருகிறது. இந்த இரண்டாம் பாதியை மறைத்து வைத்தேன். மூன்று வாரம் ஆடிய பிறகு ஒரு கிராமத்தில் வற்றிய கிணற்றைக் காட்டி அதிர்ச்சி கொடுப்பதாகத் திட்டம்.

ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. குழுவில் ஒருவருக்குப் பள்ளிகொண்டா பக்கம் ஆற்றோரமாக நிலம் இருக்கிறது. கோலின் வர்ணனையை நான் வாசித்து முடித்ததும், உருட்டப்போன பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டு கேட்டார்: “இது யார் கிணற்றுத் தண்ணீர்?”

அன்று சண்டையே நடக்கவில்லை. இரண்டு மணி நேரம் வாக்குவாதம். ஒட்டகம் செத்தால் நாம் எல்லோரும் சாவோம் என்று ஒரு கட்சி, ஒருநாள் தாங்கலாம் என்று இன்னொரு கட்சி. கடைசியில் குத்தினார்கள். மூன்றாம் நாள் வழியில் ஒரு கிராமம் வந்தது. நான் கிணற்றை விவரிக்கவில்லை. இராட்டினக் கயிற்றில் புதிதாக ஒரு துண்டு முடிச்சுப்போட்டு நீட்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நிலக்காரர் எழுந்து கைப்பிடிச் சுவர்ப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

ஆம்பூரிலிருந்து

அண்ணா, கயிற்று முடிச்சு நன்றாக இருக்கிறது. என் அனுபவம் செருப்பைப் பற்றியது, ஊர் அப்படி. எனக்குக் காலணி வடிவமைப்பில் வேலை. பழைய செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்தால் ஆள் எப்படி நடப்பான் என்று ஓரளவு சொல்லிவிடலாம். சிலருக்குக் குதிகாலின் வெளிப்பக்கம் தேயும், சிலருக்குப் பெருவிரல் இடத்தில் குழி விழும்.

அதனால் என் புதையல் ஒரு ஜோடி தோல் செருப்பு. யார் போட்டாலும் மணலில் பதிவது பழைய சொந்தக்காரனின் சுவடுதான். அவன் இடது காலை இழுத்து நடந்த ஒரு படைத்தலைவன். செத்துப் பத்து வருடம் ஆகிறது. துரத்தி வருகிறவர்களை ஏமாற்ற எங்கள் ஆட்டத்தின் திருடிப் பாத்திரம் அதை மாட்டிக்கொண்டாள். ஏமாந்தார்கள், வேறு பக்கம் போனார்கள். ஆனால் அப்பா உயிரோடிருக்கிறார் என்று நம்பிய மகள் ஒருத்தி அந்தச் சுவட்டைக் கண்டு நான்கு நாள் பின்னாலேயே வந்துவிட்டாள். கூடாரத்துக்கு வெளியே நின்று “அப்பா” என்று கூப்பிட்டாள். செருப்பைக் கழற்றுவதா, அப்படியே நடந்து இருட்டில் மறைவதா? எங்கள் திருடி கழற்றினாள். மற்ற மூவருக்கும் அதில் இன்னமும் கோபம்.

ஆற்காட்டிலிருந்து

என்னுடையது படுதோல்வி. 1922-இல் கண்டெடுத்த துட்டன்காமன் கல்லறையின் மார்பணி ஒன்றில் மஞ்சள் நிற வண்டு இருக்கிறதல்லவா? அது லிபியப் பாலைவனக் கண்ணாடி. சுமார் 2 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மணலே உருகி இறுகியது. அதை வைத்து, உருகிய நொடியில் மணல் கண்டதைக் காட்டும் கண்ணாடிச் சில்லு என்று ஒன்று எழுதினேன். மூன்று பக்கம் வர்ணனை. “பெரிய வெளிச்சம் தெரிகிறது, சரி, அப்புறம்?” என்றார்கள். 40 பொற்காசுக்கு விற்றுவிட்டார்கள். பார்ப்பவனுக்கு அதனால் நட்டமும் இல்லை, லாபமும் இல்லை. பிறகு எதற்கு வைத்திருப்பான்? அன்று எல்லோருக்கும் நினைவிருப்பது நான் வாங்கிவைத்த மக்கன் பேடாவும், அதன் பாகு ஒட்டிய இருபது முகப் பகடை உருளாமல் 1-இல் நின்றதும்தான்.

மீண்டும் சத்துவாச்சாரி

தம்பி, அந்தச் செருப்பை எங்கள் கதைக்கு எடுத்துக்கொள்கிறேன், அனுமதி கொடு. கோல் இப்போது நிலக்காரரிடம்தான் இருக்கிறது. அவருடைய பாத்திரம் பன்னிரண்டு தோல்பைத் தண்ணீரைச் சுமப்பதால், சுமை விதிப்படி ஓட முடியாமல் எல்லோருக்கும் பின்னால் வருகிறது. இரண்டு முறை ஒட்டகம் படுத்துவிட்டது. கோலை உறையிலிருந்து எடுக்கவில்லை. எதிரில் வழிப்போக்கர் யார் வந்தாலும் நிறுத்தி, கிழக்கே எத்தனை கிணறு, மேற்கே எத்தனை கிணறு என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறார். போன வாரம் அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான் வரைந்த வரைபடத்தில் இருப்பதைவிட அதில் கிணறுகள் அதிகம்.