சிரிஞ்சையே டிரெய்னாக வைத்த அனுபவம்

தர்மபுரியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிற குடும்பம். அந்த அம்மாவுக்கு முதுகில் பெரிய கொழுப்புக் கட்டி. கட்டியை எடுத்தபின் உள்ளே குழி விழும். அதில் ரத்தமும் நீரும் தேங்கினால் சீழ் பிடிக்கும், தையலும் பிரியும். அதை உறிஞ்சி வெளியே எடுக்க வைக்கும் குழாய்தான் டிரெய்ன். கடையில் விற்கும் சக்‌ஷன் டிரெய்ன் அன்று கைவசம் இல்லை.

சர்ஜன் கேட்டது கைக்குழந்தைக்குப் பால் ஏற்றும் ஃபீடிங் டியூபும் 20 மில்லி சிரிஞ்சும்தான். டியூப் நுனியில் கூடுதலாகச் சில ஓட்டைகள் வெட்டி, குழிக்குள் படுக்கவைத்து, வெளியே தோலோடு சில்க் நூலில் தைத்தார். மறுமுனையில் சிரிஞ்சைச் செருகி பிஸ்டனை இழுத்தார். அது திரும்பிப் போகாமலிருக்க, ஊசி மூடியை அளவாக வெட்டி, பிஸ்டனின் தலைக்கும் சிரிஞ்சின் விளிம்புக்கும் நடுவே முட்டுக்கொடுத்தார். அவ்வளவுதான், சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்துவிட்டது.

"ஊசி போடுற சிரிஞ்சை ஏன் சிஸ்டர் அம்மா முதுகுல மாட்டி வெச்சிருக்கீங்க?" என்று மகன் பதறிப்போய்க் கேட்டார். உட்காரவைத்து விளக்கினேன். அப்புறம் அவரே சிரிஞ்சு நிரம்புகிறதா என்று பார்த்துக் கூப்பிடுவார்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். நிரம்பியதும் கை கழுவி, கையுறை போட்டு, டியூபை மடக்கிப் பிடித்துக்கொண்டுதான் சிரிஞ்சைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளே போய்விடும். எத்தனை மில்லி, என்ன நிறம் என்று ஒவ்வொரு முறையும் கேஸ் ஷீட்டில் எழுதுவோம். முதலில் சிவப்பு, அப்புறம் இளஞ்சிவப்பு, பிறகு வைக்கோல் நிறத் தண்ணீர். திடீரென்று நின்றுபோனால் காயம் காய்ந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது, உறைந்த ரத்தம் டியூபை அடைத்திருக்கலாம். பெரிய காயங்களில் ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால் டியூபை எடுப்பது பொதுவான வழக்கம். இந்த அம்மாவுக்கு இன்னும் நன்றாகக் குறைந்த பிறகே எடுத்தார்கள். தையல் சுத்தமாகச் சேர்ந்திருந்தது.

சீழ்க்கட்டியைக் கீறிவிட்ட இடத்தில் இது சரிவராது, கெட்டிச் சீழ் டியூபை அடைத்துவிடும். அங்கே ஸ்டெரைல் கையுறையில் ஒரு பட்டை வெட்டி வைப்பார்கள். உள்ளே நழுவிவிடாமல் ஒரு சேஃப்டி பின். ஆனால் அது திறந்த வழி, கிருமியும் அதே வழியில் ஏறும். அதனால் மேலே வைத்த காஸ் துணி நனைந்தால் ராத்திரி 2 மணியானாலும் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சிஸ்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கவே தயங்காதீர்கள்.