இங்கே இதமான வெயில், அங்கே பனிப்புயல்: ஒரே குளிர்காலத்தில் எப்படி?

மொட்டைமாடி:
குளிர்காலம் என்று பேர்தான், ஸ்வெட்டரை வெளியே எடுக்கவே இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெயில் படுகிற இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன், நன்றாக அனுபவிக்கிறேன். தம்பி இருக்கும் பக்கம் நேற்றிலிருந்து பனிப்புயல், கதவைத் திறக்க முடியவில்லையாம். நாங்கள் இருவரும் ஒரே கண்டத்தில்தான் இருக்கிறோம், அப்புறம் எப்படி இவ்வளவு வித்தியாசம்? இன்னொன்று, இந்த நேரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வெயில் படம் போடலாமா?

காத்துவாக்கில்:
பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று சில வாரங்களில் நேராகப் போகாமல் நெளியும். வட அரைக்கோளத்தில் அது தெற்கே இறங்கும் இடத்தில் துருவத்துக் குளிர் கீழே வரும், வடக்கே ஏறும் இடத்தில் தெற்கின் கதகதப்பு மேலே போகும். அந்த நெளிவின் மேட்டில் நீங்கள், பள்ளத்தில் தம்பி. நெளிவு நகராமல் நின்றுவிட்டால் இருவருக்கும் நாள்கணக்கில் அதே கதை. 2022 கிறிஸ்துமஸ் சமயம் அமெரிக்காவின் பஃபலோவில் 4 அடிக்கு மேல் பனி. ஒரு வாரம் கழித்து, 2023 ஜனவரி 1 அன்று, அதைவிட வடக்கே இருக்கும் போலந்தின் வார்சாவில் 18.9 டிகிரி!

ஈரக்காற்று:
சரி, ஆனால் எல்லாவற்றையும் ஜெட் ஸ்ட்ரீம் தலையில் கட்டாதீர்கள். பஃபலோவில் அவ்வளவு கொட்டியதற்கு பக்கத்தில் அப்போது உறையாமல் இருந்த ஈரி ஏரியும் காரணம், குளிர்காற்று அதன் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையில் பனியாகக் கொட்டும். மலையும் விளையாடும். மலையைத் தாண்டி இறங்கும் காற்று அழுத்தத்தால் சூடாகும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து ஸ்பியர்ஃபிஷ் ஊரில் 1943 ஜனவரி 22 காலை இரண்டே நிமிடத்தில் மைனஸ் 20-லிருந்து 7 டிகிரிக்கு ஏறியது, அன்று காலையே திரும்பவும் மைனஸ் 20! அங்கே ஸ்வெட்டர் போடுவதா கழற்றுவதா என்று யோசிப்பதற்குள் பருவமே மாறியிருக்கும்.

பனிமண்வெட்டி:
நான் தம்பி கட்சி, இப்போதும் வாசலில் பனி அள்ளிவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன். படம் போடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம், ஆனால் முதலில் கரன்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் லட்சக்கணக்கான வீடுகளில் கரன்ட் போனபோது, சூட்டுக்காகக் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியும் மூடிய கராஜில் காரை ஓடவிட்டும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவில் இறந்தவர்கள் உண்டு. கார் புகைக்குழாயைப் பனி மூடினாலும் அதே ஆபத்து, ஹீட்டர் புகை வெளியேறும் குழாய்க்கும் அப்படித்தான். இதைத் தம்பிக்கு இன்றே சொல்லிவிடுங்கள், வெயில் படம் நாளைக்குப் போட்டாலும் போதும்.

இலைதழை:
மொட்டைமாடி, செடி வைத்திருக்கிறீர்களா? இந்த இதத்தை நம்பி அது சீக்கிரம் துளிர்த்துவிடும், அப்புறம் ஒரே ஒரு உறைபனி இரவு போதும். 2021-இல் பிரான்சில் மார்ச் கடைசி நன்றாகக் கதகதப்பாக இருந்தது, ஏப்ரல் தொடக்கத்தில் உறைபனி வந்து திராட்சைத் துளிரெல்லாம் கருகியது. தொட்டிச் செடி என்றால் பரவாயில்லை, குளிர் திரும்பும் இரவில் உள்ளே தூக்கி வைத்துவிடலாம். தரையில் இருப்பதற்கு இப்போது உரம் போடாதீர்கள், கிளை வெட்டவும் அவசரப்பட வேண்டாம்.