விலாவில் குத்தும் துப்பாக்கி உறை: பெண்களுக்கு எது சரிப்படும்?

டல்லாஸ்_மீனா:
அவசரம். சனிக்கிழமை பயிற்சி வகுப்பு. புது உறையை அரை மணி நேரம்கூட இடுப்பில் வைத்திருக்க முடியவில்லை, பிடி விலாவில் குத்துகிறது. கணவருக்கு இதே உறை ஒன்றும் செய்வதில்லை. வேறு எது வாங்கலாம்?

ராம்_ஆஸ்டின்:
என்ன துப்பாக்கி? உறை பேன்ட்டுக்கு உள்ளேயா வெளியேயா? பெல்ட் என்ன? பாதித் தொல்லை பெல்ட்டில்தான். பல பெண்கள் பேன்ட் வளையத்தில் ஒன்றரை அங்குலப் பெல்ட் நுழையாது.

பழைய_கழுகு:
இதற்கு எத்தனை முறைதான் எழுதுவது? தேடிப் படிக்கும் வழக்கமே போய்விட்டது. தோல் உறை வாங்குங்கள், உடம்புக்குப் பழகிவிடும்.

சாந்தி_ஹூஸ்டன்:
பழகும் ஐயா, தளரவும் செய்யும். வாய் மடிந்த தோல் விசைக்குள் சிக்கினால் செருகும்போதே வெடிக்கும். கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறை மடியாது.

டல்லாஸ்_மீனா:
கிளாக் 43எக்ஸ். உள்ளே, வலது இடுப்பெலும்பின் மேல். வார இறுதியில் சுடிதார், அதில் எங்கே மாட்டுவது? கைப்பையில் போடலாமா?

சாந்தி_ஹூஸ்டன்:
கைப்பை வேண்டாம் மீனா. 2014 டிசம்பரில் ஐடஹோவில், கடைக்குப் போன தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை இரண்டு வயது மகன் எடுத்துச் சுட்டதில் அவள் இறந்தாள்.

குத்துவது உறையின் குற்றமில்லை. ஆணுக்கு இடுப்பு நேராக இறங்கும். நமக்கு விரிவதால் குழல்முனை வெளியே தள்ளப்பட்டு, பிடி விலாப் பக்கம் சாய்கிறது. தொப்புளைப் பன்னிரண்டு மணியாக வைத்தால் ஒரு மணி இருக்கும் இடத்துக்கு உறையை நகர்த்துங்கள். அங்கே குழல்முனை அழுத்தாமலிருக்க, உறையின் அடியில் நான் சிறு நுரை ஆப்பு ஒட்டியிருக்கிறேன். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, காலித் துப்பாக்கியோடு கார் இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடி முன் நிற்கும்போது எல்லா உறையும் நன்றாகத்தான் இருக்கும்.

சுடிதார் நாடா துப்பாக்கியின் எடையைத் தாங்காது. வயிற்றுப் பட்டை வாங்குங்கள், விசையை மூடும் கைடெக்ஸ் ஓடு பதித்தது. வெறும் துணி வேண்டாம்.

பழைய_கழுகு:
முதலில் விசா என்ன? எச்-1பி வேலை விசா என்றால் துப்பாக்கியைத் தொடவே கூடாது.

குமார்_பிளேனோ:
வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. டெக்ஸாஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயதானவர்களுக்குக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமமே தேவையில்லையே.

பழைய_கழுகு:
அது மாநிலச் சட்டம், விசா விவகாரம் கூட்டாட்சிச் சட்டம். இரண்டையும் குழப்பாதீர்கள் தம்பி. 43எக்ஸை வைத்துக்கொண்டு மான் வேட்டைக்கா போகப் போகிறார்?

குமார்_பிளேனோ:
மான் அடித்தே தீர வேண்டும் என்று சட்டத்தில் எங்கே இருக்கிறது? உரிமம் கையில் இருந்தால் போதும்.

ராம்_ஆஸ்டின்:
அவர் கேட்டது உறை.

டல்லாஸ்_மீனா:
கிரீன் கார்டுதான். ஒரு மணிக்கு மாற்றினேன், விலா தப்பியது. குனிந்தால் மட்டும் இடிக்கிறது. நன்றி சாந்தி அக்கா, வகுப்புக்குக் கிளம்புகிறேன்.

ராம்_ஆஸ்டின்:
பெல்ட் என்ன என்று கடைசிவரை சொல்லவில்லையே?