நீல ஃபைலும் முள்சீத்தா இலையும்

குழு: பெரிய வீடு
ஞாயிறு, காலை 6:10

பெரியப்பா: (பலமுறை அனுப்பப்பட்ட செய்தி) முள்சீத்தா இலை!! கீமோவை விட 10,000 மடங்கு சக்தி!! நுரையீரல் புற்றுநோய் செல்களைத் தேடித் தேடிக் கொல்லும், நல்ல செல்லைத் தொடவே தொடாது! மருந்துக் கம்பெனிகள் மறைக்கும் உண்மை! 10 பேருக்கு அனுப்புங்கள்!

பெரியப்பா: தம்பிக்காகத் தேடி எடுத்தது. எல்லோரும் முழுதாகப் படிக்கவும்.

முரளி: இனிய காலை வணக்கம் 🌞

அத்தை: அண்ணா, இதையேதான் போன மாதமும் அனுப்பினாய்.

பெரியப்பா: அது சர்க்கரைக்கு. இது நுரையீரலுக்கு.

மாமா: அதே இலைதானே மச்சான்?

பெரியப்பா: இலை அதே. பயன் வேறு.

மாமா: என் முட்டிக்குக் கொடுத்த எண்ணெயிலும் பயன் வேறாகத்தான் இருந்தது. தோல் உரிந்தது.

அத்தை: ஆரம்பிக்காதீர்கள்.

கண்ணன்: நீல ஃபைல் யாரிடம் இருக்கிறது? அப்பாவின் ஸ்கேன் எல்லாம் அதில்தான். நேற்று இரவு முழுக்கத் தேடினேன்.

முரளி: என்னிடம் இல்லை.

அத்தை: போன தடவை ஆஸ்பத்திரியில் இவர் மடியில் வைத்திருந்தார்.

மாமா: என் மடியில் இருந்தது உன் கைப்பை.

காலை 8:25

கயல்: பெரியப்பா, இப்போதுதான் பார்த்தேன். அந்த 10,000 மடங்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லட்டுமா? கொஞ்சம் நீளமாகப் போகும்.

முரளி: உன் 'கொஞ்சம்' எங்களுக்குத் தெரியும்.

கயல்: 1996இல் முள்சீத்தாவின் விதையிலிருந்து (இலை இல்லை, விதை) அசிட்டோஜெனின் என்ற வகைப் பொருள்கள் சிலவற்றைப் பிரித்தார்கள். அதில் ஒன்றை ஆய்வகத் தட்டில் வளர்த்த குடல் புற்றுநோய் செல் மேல் விட்டுப் பார்த்தார்கள். அட்ரியாமைசின் என்ற ஒரு கீமோ மருந்தோடு ஒப்பிட்டால் அதே தட்டில் 10,000 மடங்கு வீரியம். அவ்வளவுதான் கதை. நுரையீரல் இல்லை, மனிதர் இல்லை, கஷாயமும் இல்லை. 'கீமோ' என்று ஒரே மருந்தும் கிடையாது.

பெரியப்பா: கொன்றதா இல்லையா?

கயல்: கொன்றது. தட்டில்.

பெரியப்பா: அதைத்தான் நானும் சொல்கிறேன்.

கயல்: பெரியப்பா, தட்டில் செல்லைக் கொல்வது பெரிய வித்தையே இல்லை. நான் தினமும் செய்கிற வேலை அது. ஏ549 என்று நுரையீரல் புற்றுநோய் செல் வகை ஒன்று. 1972இல் ஒரு 58 வயதுக்காரரின் கட்டியிலிருந்து எடுத்தது, இன்றுவரை உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கிறது. இளஞ்சிவப்புத் திரவத்துக்கு அடியில் தட்டோடு ஒட்டிக்கொண்டு பரவியிருக்கும். நான் முதல் வருடம் ஒரு இலைச்சாற்றை விட்டேன். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் சுருண்டு உருண்டையாகி, மேல்தோல் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, தட்டை விட்டுக் கழன்று மிதக்கின்றன. எனக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை, பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று.

அத்தை: அப்புறம்?

கயல்: சாறு தண்ணீரில் கரையாது என்று டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கலந்திருந்தேன். 2 வாரம் கழித்து வெறும் கரைப்பானை மட்டும் அதே அளவில் விட்டுப் பார்த்தேன். அதுவும் அப்படியே கொன்றது. அளவு கூடிப்போயிருக்கிறது.

மாமா: 😂😂

முரளி: அந்த நேரத்தில் முட்டி எண்ணெயை விட்டிருக்கலாம்.

பெரியப்பா: நீ கலக்கத் தெரியாமல் கலந்ததற்கு இலை என்ன செய்யும்?

கயல்: 😑

காலை 9:02

கண்ணன்: நேற்றைய இரத்த ரிப்போர்ட் வந்துவிட்டது. எஸ்ஜிபிடி 112. போன தடவை 34. வியாழன் அன்று மருந்து ஏற்றலாமா வேண்டாமா என்று செவ்வாய் மறுபடி இரத்தம் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்களாம். வேறு ஏதாவது சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அத்தை: 112 என்றால்?

கயல்: ஈரல் சிரமப்படுகிறது. சித்தப்பாவுக்கு ஏற்றும் பாக்லிடாக்செல் ஈரல் வழியாகத்தான் சிதைந்து வெளியே போகும். ஈரல் சரியில்லை என்றால் மருந்து உடம்பிலேயே தங்கிவிடும், வெள்ளணுக்கள் சட்டென்று இறங்கும். அதனால்தான் அளவைக் குறைப்பார்கள், இல்லை தள்ளிப்போடுவார்கள். அந்த மருந்தாலேயே கூட எண் ஏறலாம். கண்ணா, உண்மையிலேயே வேறு எதுவும் இல்லையா?

கண்ணன்: எனக்குத் தெரிந்து இல்லை.

கயல்: சித்தி?

(காலை 9:05 முதல் 9:31 வரை யாரும் எழுதவில்லை)

சித்தி: பெரியவர் கொடுத்தனுப்பிய இலைதான். காலையில் ஒரு டம்ளர். மருந்தோடு சேர்த்துக் கொடுக்கவில்லை, அரைமணி நேரம் விட்டுத்தான் கொடுத்தேன்.

கண்ணன்: அம்மா!!

அத்தை: எத்தனை நாளாக?

சித்தி: ஒரு வாரம் இருக்கும். இயற்கைதானே, கெடுதல் இல்லை என்றார்.

அத்தை: அண்ணா. நம் அப்பா விஷயத்திலும் இப்படித்தான் நடந்தது. 4 மாதம் பற்று போட்டோம்.

பெரியப்பா: அப்பாவை அந்த 4 மாதமும் பக்கத்தில் இருந்து பார்த்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்.

அத்தை: நான் அதைச் சொல்லவே இல்லை.

பெரியப்பா: சொல்லாமலே சொல்வதுதான் உனக்குக் கைவந்த கலை.

அப்பா: 🙏

முரளி: கயலின் அப்பா இங்கே பேசியே 3 மாதம் ஆகிறது, வந்ததும் கும்பிடு.

மாமா: இலையால்தான் ஏறியது என்று உறுதியா கயல்? நான் மச்சானுக்காகப் பேசவில்லை. தெரிந்துகொள்ளத்தான்.

கயல்: உறுதியாகச் சொல்ல முடியாது மாமா. ஆனால் டாக்டரிடம் 'இல்லை' என்று சொன்னது தப்பு. அவர் அந்தப் பதிலை வைத்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார். இன்னொன்று, முள்சீத்தாவின் அசிட்டோஜெனின் எப்படிக் கொல்கிறது என்றால், செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாகும் முதல் படியையே அடைக்கிறது. நல்ல செல்லிலும் அதே மைட்டோகாண்ட்ரியாதான். 'நல்ல செல்லைத் தொடாது' என்பதெல்லாம் பார்வர்டு எழுதியவரின் ஆசை. கரீபியனில் குவாடலூப் என்ற தீவில் இதை நிறையப் பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் போன்ற ஒரு நரம்பு நோய் வழக்கத்தை விட அதிகமாக இருந்ததைக் கவனித்து 1999இல் எழுதினார்கள். சந்தேகம் இந்தச் செடி மேல்தான்.

சித்தி: ஐயோ. ஒரு வாரத்தில் அப்படி வருமா?

கயல்: ஒரு வாரத்தில் அதெல்லாம் வராது சித்தி, பயப்பட வேண்டாம். இன்றே நிறுத்திவிடுங்கள், அது போதும்.

காலை 10:14

பெரியப்பா: நான் ஒன்று கேட்கிறேன். உடம்பு முழுக்கக் கெமிக்கலை ஏற்றுகிறார்களே, அதை மட்டும் யாரும் கேட்பதில்லை. முடி போகிறது, விரல் மரத்துப்போகிறது.

கயல்: அந்தக் 'கெமிக்கல்' ஒரு மரப்பட்டை பெரியப்பா.

பெரியப்பா: என்ன?

கயல்: சித்தப்பாவுக்கு ஏறும் பாக்லிடாக்செல். பசிபிக் யூ என்று அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் மரம். 1962இல் பட்டையை உரித்து அனுப்பினார்கள், 1971இல் வால், வானி என்ற இருவர் உள்ளே இருக்கும் பொருளின் அமைப்பைச் சொன்னார்கள். 1979இல் சூசன் ஹார்விட்ஸ் அது எப்படிக் கொல்கிறது என்று கண்டுபிடித்தார். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோமை இழுத்துப் பிரிக்க உள்ளே சன்னமான குழாய்கள் கட்டி, கட்டியதைக் கலைக்கும். இந்த மருந்து கலைக்க விடாது. பாதியில் மாட்டிக்கொண்ட செல் கடைசியில் தன்னையே முடித்துக்கொள்ளும். முதல் அனுமதி 1992இல், அதுவும் சினைப்பைப் புற்றுநோய்க்கு. பட்டை வந்து மருந்தாக 30 வருடம்.

அத்தை: முப்பது வருடமா!

கயல்: கிட்டத்தட்ட 10 டன் பட்டைக்கு ஒரு கிலோ மருந்துதான் தேறும் அத்தை. பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும். அப்புறம்தான் வேறு வகை யூ மரத்தின் இலையிலிருந்து ஒரு பொருளை எடுத்து அதிலிருந்து செய்யக் கற்றார்கள். இலை திரும்ப முளைக்குமே.

கயல்: எடோபோசைடும் அப்படித்தான், மேயாப்பிள் என்ற செடியின் வேரிலிருந்து வந்தது. வினோரெல்பின் நித்தியகல்யாணியிலிருந்து. டோபோடெகான் ஒரு சீன மரத்திலிருந்து. நான்கும் நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்துகள். செடியை வேண்டாம் என்று யார் சொன்னார்கள்?

மாமா: நித்தியகல்யாணி எங்கள் வாசலில் இருக்கிறது.

கயல்: தயவுசெய்து அதைத் தொடாதீர்கள் மாமா.

கண்ணன்: ஆனால் பாட்டிலில் எண்ணெய் மாதிரி இருந்ததே?

கயல்: மருந்து தண்ணீரில் கரையாது. அதனால் விளக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு கரைப்பானில் வரும். ஒவ்வாமை வருவதும் பெரும்பாலும் அதனால்தான், முன்கூட்டியே ஸ்டீராய்டு போடுகிறார்களே, அது இதற்காக.

பெரியப்பா: ஆக, மரப்பட்டையும் விளக்கெண்ணெயும். இதை நான் கொடுத்தால் மட்டும் நாட்டு வைத்தியம்.

மாமா: 😂 மச்சான் பிடித்துவிட்டார்.

முரளி: என் அப்பா 1, கயல் 0

கயல்: வித்தியாசம் அளவில்தான் இருக்கிறது பெரியப்பா. சித்தப்பாவின் உயரம், எடை பார்த்து மில்லிகிராம் கணக்கில் ஏற்றுகிறார்கள். உங்கள் டம்ளரில் எத்தனை மில்லிகிராம்?

பெரியப்பா: ஒரு கைப்பிடி.

காலை 11:40

கண்ணன்: கயல், மஞ்சள் மாத்திரை? அம்மா அதையும் வாங்கி வைத்திருக்கிறார். குர்குமின், மிளகுச் சத்து சேர்த்தது என்று போட்டிருக்கிறது.

அத்தை: இன்னும் என்னென்ன இருக்கிறது அந்த வீட்டில்?

கயல்: பிரிக்க வேண்டாம். குர்குமினும் தட்டில் ஏ549ஐக் கொல்லும், நானே பார்த்திருக்கிறேன். வாயில் போட்டால் குடலும் ஈரலுமே பெரும்பகுதியை மாற்றி வெளியே தள்ளிவிடும். நாளைக்கு 8 கிராம் விழுங்கியவர்களின் இரத்தத்தில்கூடத் தட்டில் நாங்கள் ஊற்றுவதில் சின்னப் பங்குதான் இருந்தது. அதற்காகத்தான் மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998இல் ஒரு சோதனையில் குர்குமின் உடம்பில் சேர்வது 20 மடங்கு கூடியது. ஆனால் பைப்பரின் வேலை செய்வதே, பொருள்களைச் சிதைக்கும் நொதிகளை அடைத்துத்தான். அது குர்குமினுக்கு மட்டும் வழிவிட்டுச் சும்மா இருக்காது, சித்தப்பாவின் மருந்து வெளியேறுவதையும் தடுக்கக்கூடும். மஞ்சள் மாத்திரையால் ஈரல் கெட்டவர்களும் இருக்கிறார்கள்.

சித்தி: சமையலில் போடுவது?

கயல்: அது பாட்டுக்கு இருக்கட்டும் சித்தி. மாத்திரைதான் வேண்டாம்.

முரளி: அப்படியானால் கேரட் சத்து மாத்திரை? என் அலுவலகத்தில் ஒருவர் சிகரெட்டுக்கு மாற்றாக அதைப் போடுகிறார். நுரையீரலைக் காக்குமாம்.

கயல்: முரளி அண்ணா, அதுதான் இருப்பதிலேயே மோசமான கதை. பீட்டா கரோட்டின். பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் சோதித்து 1994இல் வெளியிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகம். அமெரிக்காவில் இன்னொரு சோதனையில் 28% அதிகம், 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அவரிடம் சொல்லுங்கள், இன்றைக்கே.

முரளி: நிஜமாகவா?

முரளி: சொல்கிறேன். அவர் சிகரெட்டை இன்னும் விடவில்லை என்பது தனி.

அத்தை: கயல், ஒன்று புரியவில்லை. செல் ஏன் தானே செத்துக்கொள்ள வேண்டும்? விஷம் கொடுத்தால் விஷம் கொல்லும், சரி. 'தன்னையே முடித்துக்கொள்ளும்' என்கிறாயே.

கயல்: ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அந்த ஏற்பாடு பிறவியிலேயே இருக்கிறது அத்தை. அதற்கு அப்போப்டோசிஸ் என்று 1972இல் பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் இலை உதிர்வது. பழுதுபட்ட செல்லை பி53 என்ற புரதம் 'நீ போ' என்று சொல்லும். மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஒரு பொருள் கசியும், கேஸ்பேஸ் என்ற கத்தரிகள் வரிசையாக விழித்து உள்ளே உள்ளதைத் துண்டு துண்டாக நறுக்கும், பக்கத்துச் செல்கள் விழுங்கிவிடும். சத்தமே இருக்காது. புற்றுநோய் செல் அந்த 'நீ போ'வைக் காதில் போட்டுக்கொள்ளாத செல். நுரையீரல் புற்றுநோயில் பி53 கெட்டுப்போயிருப்பது ரொம்ப சகஜம். மருந்தின் வேலை எப்படியாவது அந்தக் கத்தரியை எழுப்புவது.

அத்தை: உதிர மாட்டேன் என்கிற இலை.

மாமா: நம் குழுவிலும் சிலர் இருக்கிறார்கள்.

பெரியப்பா: யாரைச் சொல்கிறீர்கள் மாப்பிள்ளை?

மாமா: பொதுவாக.

மதியம் 12:20

சித்தப்பா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன் என்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

அத்தை: தம்பி! தூங்குகிறாய் என்றாள் இவள்.

சித்தப்பா: போன் டிங் டிங் என்று அடித்தால் எங்கே தூங்குவது. ஒரு விஷயம். அந்தக் கஷாயத்தை நான் குடித்தது 3 நாள்தான். நாலாம் நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வாஷ்பேசினில்.

சித்தி: என்ன?!

சித்தி: டம்ளரை நக்கிக் காட்டினீர்களே!

சித்தப்பா: அண்ணன் ஆசையாகக் கொடுத்தது. எப்படி வேண்டாம் என்பது?

பெரியப்பா: என்னிடம் சொல்லியிருக்கலாம் தம்பி.

சித்தப்பா: சொன்னால் இன்னொன்று கொண்டுவருவாய்.

கண்ணன்: 3 நாள்தான் என்றால் 112 எதனால் கயல்?

கயல்: தெரியாது கண்ணா. மருந்தாக இருக்கலாம், அந்த 3 நாளாகவும் இருக்கலாம். டாக்டரிடம் இலை, எத்தனை நாள், எவ்வளவு, எல்லாவற்றையும் சொல். மஞ்சள் மாத்திரை டப்பாவையும் எடுத்துப் போ.

கண்ணன்: இலை விஷயத்தை நான் சொன்னால் திட்டு எனக்கு. பெரியப்பா வந்து சொல்லட்டும்.

பெரியப்பா: நான் வருகிறேன். ஆனால் மரப்பட்டையைப் பற்றியும் கேட்பேன்.

அத்தை: அண்ணா நீ வாசலில் உட்கார். நான் உள்ளே போகிறேன்.

பெரியப்பா: அப்பா விஷயத்தில்...

அத்தை: சரி சரி. இரண்டு பேரும் உள்ளே போவோம்.

மதியம் 1:05

பெரியப்பா: கயல், அந்த மரம் பேர் என்ன சொன்னாய்? யூவா, ஊவா?

கயல்: பெரியப்பா!! அதன் இலையையும் விதையையும் தின்றால் இதயம் நின்றுவிடும். மருந்தாகும் பொருள் வேறு, அதிலேயே இருக்கும் டாக்ஸீன் என்ற விஷம் வேறு.

பெரியப்பா: சும்மா கேட்டேன்.

மாமா: மச்சான் சும்மா கேட்டு நான் பார்த்ததில்லை.

கண்ணன்: செவ்வாய் காலை 7 மணிக்கு இரத்தம் எடுக்க வேண்டும். யார் யார் வருகிறீர்கள், வண்டி யாருடையது?

அப்பா: 👍

மாமா: 👍

கண்ணன்: கட்டைவிரல் என்றால் வருகிறீர்களா, இல்லை படித்துவிட்டீர்களா?

முரளி: அந்த நீல ஃபைல் என்ன ஆயிற்று?