ஃபானி மெண்டல்சனைத் தடுத்தது எது?

மாலைராகம்: பெர்லின் இசையமைப்பாளர் ஃபானி மெண்டல்சன் (மணமான பின் ஹென்சல்) தன் இசையை நெடுங்காலம் வெளியிட முடியாமல் போனது பற்றிப் பேச்சு வந்தாலே, புகழ்பெற்ற இசையமைப்பாளரான தம்பி ஃபெலிக்ஸ் மெண்டல்சனைக் கூண்டில் ஏற்றிவிடுகிறீர்கள். அக்காவின் ஆறு பாடல்கள் தம்பி பெயரில் அச்சாயின, உண்மைதான். ஆனால் 1842இல் விக்டோரியா அரசி அவற்றில் ஒன்றான 'இத்தாலி'யைப் பாடியபோது, அது அக்கா எழுதியது என்று ஃபெலிக்ஸ் நேரிலேயே சொல்லிவிட்டார். தடுத்தது வசதி. பணக்கார வீட்டுப் பெண் காசுக்கு வாசிப்பது அன்று இழுக்கு. மேடையை நம்பிப் பிழைத்த பியானோ கலைஞர் கிளாரா ஷூமான் ஐரோப்பா முழுவதும் வாசித்தாரே!

செவ்வந்தி: அதே வீடு, அதே பணம், அதே இசை ஆசிரியர் செல்ட்டர். வசதிதான் தடை என்றால் ஃபெலிக்ஸை ஏன் தடுக்கவில்லை, ஐயா? இசைமேதை பாஹின் 24 பிரிலூடுகளை (விசைப்பலகைக்கான சிறு படைப்புகள்) பதின்மூன்று வயதில் மனப்பாடமாக வாசித்த பெண் ஃபானி. 1820இல் அப்பா அவருக்குக் கடிதம் எழுதுகிறார்: இசை தம்பிக்குத் தொழிலாகலாம், உனக்கு அது அணிகலன் மட்டுமே. கிளாராவும் 1839இல், பெண் இசையமைக்க ஆசைப்படக் கூடாது என்று நாட்குறிப்பில் எழுதினார். மேடை கிடைத்தவருக்கே எழுதக் கை கூசியது!

மாலைராகம்: கடிதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 450க்கும் மேற்பட்ட படைப்புகள் பிறந்ததும் அந்த வீட்டில்தான். 1846இல் ஃபானி துணிந்து தன் பெயரில் பாடல் நூல் வெளியிட்டபோது ஃபெலிக்ஸ் வாழ்த்தினார்.

செவ்வந்தி: நாற்பது வயதில் வந்த வாழ்த்து. அடுத்த ஆண்டு மே மாதம் ஃபானி ஒத்திகையில் இருந்தபோதே பக்கவாதம் தாக்கி இறந்துவிட்டார். அதோடு முடிந்ததா? 1828இல் அவர் எழுதிய 'ஈஸ்டர் சொனாட்டா'வை 1970களில் தம்பியின் படைப்பாகவே ஒலிப்பதிவு செய்தார்கள். 2010இல் ஏஞ்சலா மேஸ் என்ற ஆய்வாளர் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தார். கையெழுத்து ஃபானியுடையது, பக்க எண்களோ ஃபானியின் தொகுப்பு ஒன்றில் காணாமல் போயிருந்த பக்கங்களோடு பொருந்தின. எனக்கு இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

வெண்கட்டை: பியானோ சொல்லிக்கொடுப்பவள் நான். ஃபானி 1841இல் மாதத்துக்கு ஒன்றாக எழுதிய 'ஆண்டு' தொகுப்பிலிருந்து 'மார்ச்' பகுதியை ஒரு மாணவிக்குக் கொடுத்தேன். இருண்ட தொடக்கத்துக்குப் பிறகு ஈஸ்டர் தேவாலயப் பாடல் மெல்ல எழும். அந்த இடத்தில் அவள் கையை எடுத்துவிட்டு, "இதை ஏன் யாரும் வாசிப்பதில்லை?" என்று கேட்டாள். முழுத் தொகுப்பும் அச்சானது 1989இல்தான் என்றேன்.

மாலைராகம்: ஃபெலிக்ஸ் கெட்டவர் அல்லர் என்பதில் நான் மாறவில்லை. வசதிதான் காரணம் என்றதை மட்டும் திரும்பப் பெறுகிறேன். அந்த 'மார்ச்' பகுதியை இன்றிரவு கேட்கிறேன்.